கோக்காவின் கழுத்தும் அடியும்: ஒரு பழைய ஆர்மரரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவில் திரும்பக் கைக்கு வருவது பித்தளை உறை ஒன்றுதான் என்றும், அதைச் சீர்செய்து மறுபடி தோட்டாவாக்கும் பழக்கம் வெளிநாடுகளில் சாதாரணம் என்றும் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டு இருக்கின்றன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்த உறைக்கே கொடுத்துவிட்டேன்.

புதிய வாசகர்களுக்காக: நான் ராணுவத்தில் 24 ஆண்டு ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைப் பிரித்து, அளந்து, பழுது பார்த்துத் திரும்பக் கொடுப்பது என் வேலை. இப்போது காவேரிப்பட்டணம் பக்கத்தில் சொந்த ஊரில் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காலி உறையை ராணுவத்தில் 'கோக்கா' என்போம். இந்திச் சொல்தான், ஆனால் என் வாயில் ஊறிவிட்டது. இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

கேள்வி: கையால் தோட்டா தயாரிப்பது என்றால் என்ன? கடையில் வாங்காமல் எதற்கு இந்த மெனக்கெடல்? நம் ஊரில் செய்யலாமா?
(பொறியியல் மாணவர், பாலக்கோடு)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். அந்தச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பதாலேயே தோட்டா செய்யவும் உரிமம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இப்போது முதல் கேள்வி. ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள். பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் செத்துவிடுகிறது, குண்டு போய்விடுகிறது. உறை மட்டும் நம் காலடியில் விழுகிறது. நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதைத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு குறையும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு துப்பாக்கியின் சேம்பரும், அதாவது குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையும், மயிரிழை வித்தியாசத்தில் இருக்கும். தன் துப்பாக்கிக்குத் தக்கபடி தோட்டாவை அமைத்துக்கொண்டால் இலக்கில் குண்டுகள் விழும் வட்டம் சுருங்கும்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே இது சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, அவன் கார் ஷெட்டில் இருந்த மேசையில் தினமும் மாலை அவனோடு உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்தேன். கீழே எழுதுவதில் பாதி ராணுவத்தில் கற்றது, மீதி அந்த மேசையில் கற்றது.

கேள்வி: என் தம்பி கனடாவில் இருக்கிறான். உரிமத்தோடு .308 ரைபிள் வைத்து இலக்குச் சுடுதலுக்குப் போகிறான். ரேஞ்சில் கீழே கிடக்கும் உறைகளைப் பொறுக்கிக்கொள்ளலாமா, புதிதாகவே வாங்க வேண்டுமா என்று கேட்கிறான்.
(டூல்ரூம் ஊழியர், ஓசூர்)

பதில்: நான் அவன் இடத்தில் இருந்தால், கடையில் வாங்கிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் தானே சுட்டு, அந்த உறையைத் தானே பொறுக்கிக்கொள்வேன். அதற்கடுத்தது புது உறை, ஒரே கம்பெனி, ஒரே லாட், நூறு எண்ணிக்கை. ரேஞ்சில் பொறுக்கியது கடைசி. காரணம் எளிது. பொறுக்கிய கோக்காவுக்கு முன்கதை தெரியாது. எத்தனை முறை சுட்டார்கள், எந்தத் துப்பாக்கியில் சுட்டார்கள், எவ்வளவு மருந்து போட்டார்கள் என்று அது வாய் திறந்து சொல்லாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட உறையாக இருந்தால் அந்த விசாலமான சேம்பருக்குள் நன்றாக விரிந்திருக்கும்.

பொறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே முத்திரை இருக்கும். கம்பெனி பெயர், அளவு, சிலவற்றில் வருடம். அந்த முத்திரைப்படி தனித்தனிக் குவியலாகப் பிரிக்க வேண்டும். நம் மாங்காய் மண்டியில் தோத்தாபுரியையும் மல்கோவாவையும் ஒரே கூடையில் போட மாட்டார்கள் அல்லவா, அதே கவனம் இங்கேயும் வேண்டும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவு 1952-இல் வந்தது. ராணுவத்தின் 7.62 நேட்டோ அடுத்த இரண்டு ஆண்டில் வந்தது. வெளியே பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ராணுவ உறையின் சுவர் பெரும்பாலும் தடிமன். சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும். இரண்டையும் கலந்துவைத்து ஒரே அளவு மருந்து போடுவது ஆபத்து. தராசில் நிறுத்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே வெளி அளவுள்ள உறைகளில் எடை கூடியது உள்ளே இடம் குறைந்தது.

அப்புறம் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்தால் அடியில் தீ போகும் துளை தெரியும். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை. ஓரமாக இரண்டு சிறு துளை என்றால் பெர்டன் வகை. இரண்டுமே 1866-இல் வந்தவை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் இன்று அமெரிக்காவில் ஓடுவது பாக்ஸர் முறை, ஐரோப்பிய ராணுவங்கள் நெடுங்காலம் பிடித்துக்கொண்டது பெர்டன் முறை. உறையை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சைத்தான் டை என்கிறோம்; பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி அதன் நடுவில் இருக்கும். சாதாரண டையில் பெர்டன் உறையைப் போட்டால், நடுவில் இல்லாத துளையைத் தேடி ஊசி உடையும். அதை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.

ராணுவ உறையில் பிரைமரைச் சுற்றி ஒரு அழுத்திய வளையம் இருக்கும். குலுக்கலில் பிரைமர் கழன்று வராமலிருக்க அதைக் கிள்ளி வைத்திருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்த பிறகு அந்த வளையத்தை நீக்கினால்தான் புதிது நேராக உட்காரும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு உறை, வேண்டாம். வெள்ளையாக நிக்கல் பூசியது பார்க்க அழகு, ஆனால் வாயில் சீக்கிரம் கீறல் விடும். வாயில் லேசான நெளிவு இருந்தால் பரவாயில்லை, டை நிமிர்த்திவிடும். கழுத்தில் கீறல் விட்டிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடலாம்.

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டும்போது பச்சை பிடித்த பித்தளைக் குப்பி ஒன்று கிடைத்தது. விரல் நீளம் இருக்கும். திப்பு காலத்துத் தோட்டா என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?
(விவசாயி, ராயக்கோட்டை)

பதில்: திப்பு காலமாக இருக்க முடியாது ஐயா. ராயக்கோட்டைக் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தது 1791-இல். அப்போது இருந்தவை எல்லாம் குழாய் வாயில் மருந்தைக் கொட்டிக் கெட்டிக்கும் துப்பாக்கிகள். மருந்தும் குண்டும் காகிதத்தில் சுருட்டி வந்தன. பித்தளை உறை ராணுவத்தில் புழக்கத்துக்கு வந்தது 1860-களுக்குப் பிறகுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அடி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்து சிறிதாக ஒடுங்கியிருக்கிறது. என் கணிப்பில் அது .303, ஆங்கிலேயர் காலத்து ராணுவ ரைபிளின் தோட்டா உறை. அடியில் கே.எஃப். என்ற எழுத்து படுகிறதா பாருங்கள். அது புனே பக்கம் கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலை முத்திரை. 1869-இல் தொடங்கியது. ஓ.எஃப்.வி. என்றிருந்தால் மகாராஷ்டிரத்தின் வரங்காவ். பக்கத்தில் இரண்டு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் வருடம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாயில் குண்டு செருகியபடி ஏதாவது கிடைத்தால் தட்டிப் பார்க்க வேண்டாம், அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மண்ணுக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் மருந்து செத்துவிட்டது என்று நம்பக் கூடாது.

கேள்வி: பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத்தான் தேய்க்கிறோம். தோட்டா உறையையும் அப்படியே தேய்க்கலாமா?
(இல்லத்தரசி, கிருஷ்ணகிரி பழையபேட்டை)

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கிருஷ்ணகிரிக்காரர் புளியைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். கொள்கை சரிதான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது. கை தோட்டாக்காரர்கள் அதே வேலைக்கு எலுமிச்சை உப்பு என்று நாம் சொல்லும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் சிறிதளவு கலந்து பயன்படுத்துகிறார்கள். சில நிமிடம்தான். அதற்கு மேல் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, உறை இளஞ்சிவப்பாகத் தெரியும். செம்பு மட்டும் மேலே நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் குடத்திலும் இந்தச் சிவப்பைப் பார்த்திருப்பீர்கள். குடத்துக்கு அது அழகு. உறைக்கு அது நல்லதல்ல.

ஆனால் சமையலறையில் வேண்டாம். பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. அந்த உறையைக் கழுவிய அண்டாவில் யாரும் சாம்பார் வைக்கக் கூடாது. கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அக்கா மகன் இதற்கென்று தனி வாளி வைத்திருந்தான், அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தான். நல்ல பழக்கம்.

அவன் தினப்படிக்குச் செய்வது வேறு. அரைத்த மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் தூளை அதிரும் தொட்டியில் கொட்டி, உறைகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிவிடுவான். உறை பொன்னாக வெளியே வரும். தூசு பறக்காமல் மூடி வைத்துத்தான் ஓட்டுவான், அந்தத் தூசிலும் ஈயம் உண்டு. தண்ணீரில் கழுவினால் உள்ளே துளி ஈரம் இல்லாமல் உலர்த்த வேண்டும். பளபளப்பு வேண்டும் என்பதற்காகக் கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: பரம்பரையாகப் பாத்திரம் தட்டுகிறவர்கள் நாங்கள். பித்தளையைத் தட்டத் தட்ட அது முறுக்கிக்கொள்ளும், நெருப்பில் காய்ச்சினால் இளகும். தோட்டா உறைக்கும் இதே கணக்கா?
(பாத்திரத் தொழிலாளி, தர்மபுரி)

பதில்: அதே கணக்குதான். நீங்கள் சுத்தியலால் செய்வதைத் துப்பாக்கி அழுத்தத்தால் செய்கிறது. உறையின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உறை விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் புகை பின்பக்கம் வராமல் குண்டைத் தள்ளுகிறது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. பிறகு நாம் டையில் அழுத்தி இன்னும் சுருக்குகிறோம். விரிவு, சுருக்கம், விரிவு, சுருக்கம். நாலைந்து முறையில் கழுத்து முறுக்கேறிவிடும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிவது போலக் கழுத்தில் கீறல் விழும். அதற்குத்தான் குண்டைப் பிடிக்கும் கழுத்தையும், உடல் கழுத்தாக ஒடுங்கும் சரிவான தோளையும் காய்ச்சி இளக வைப்பது.

உங்கள் தொழிலுக்கும் இதற்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். நீங்கள் பாத்திரம் முழுவதையும் காய்ச்சலாம். இங்கே அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. .308-இல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகும். லாரி டயரில் நூறைச் சற்றுத் தாண்டும், ஒப்பிட்டுப் பாருங்கள். அதைத் தாங்கி நிற்பது கெட்டியான அடிதான். அடி இளகிவிட்டால் பிரைமர் குழி விரியும், அடியே பிளந்து மருந்து எரிந்த வாயு சுடுபவர் முகத்துக்கு வரும். அந்த உறையைத் திரும்பக் கெட்டியாக்க வழி கிடையாது. இரும்பைப் போலத் தண்ணீரில் போட்டால் முறுக்கேறும் என்று சிலர் நினைக்கிறார்கள். பித்தளை அப்படி அல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் சூடு கீழே இறங்காமல் நிறுத்த மட்டுமே பயன்படும்.

சில விநாடிதான் வேலை. கழுத்து 400 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால் போதும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் ஒரு வண்ணப்பூச்சு விற்கிறார்கள், அதை உறை மேல் தடவி வைத்துச் சரிபார்ப்பார்கள். டெக்சாஸில் ஒரு மத்தியானம், இத்தனை வருட அனுபவம் இருக்கிறது, கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வெயில் வெளிச்சத்தில் பித்தளை சிவப்பது கண்ணுக்குப் படவில்லை. 20 உறையின் கழுத்து விரலால் அழுத்தினாலே உள்ளே போகும் அளவுக்கு இளகிவிட்டது. அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டான். அந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இருட்டான இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. சிவப்புத் தெரியத் தொடங்கும் முன்பே நெருப்பை விட்டு எடுத்துவிட வேண்டும்.

காய்ச்சி இளக வைக்காவிட்டால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் ராணுவத் தோட்டாக்களை மழைக்காலம் முடியும் வரை குதிரை லாயங்களில் வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாக வெடிப்பு விட்டிருந்தன. யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. பருவத்தோடு வரும் வெடிப்பு என்றுதான் அதற்குப் பெயரே வைத்தார்கள். உண்மையான காரணம் 1921-இல்தான் எழுதப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, காற்றிலுள்ள ஈரம், இழுத்துத் தட்டியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். உறையைச் சரியாகக் காய்ச்சி உள்ளிறுக்கத்தை எடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் குடம்தான் நினைவுக்கு வந்தது. மாட்டுக் கொட்டகைப் பரணில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு ஐப்பசி கழிந்து இறக்கியபோது கழுத்தோரம் நீளமாக விரிசல். யாரோ கீழே போட்டுவிட்டு மறைக்கிறார்கள் என்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது. இத்தனை வருடம் கழித்து இப்போது நினைத்துப் பார்க்கிறேன், யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கடைப் பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன். உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதையே சொல்வேன். தோட்டாப் பெட்டியை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையிலோ யூரியா மூட்டை பக்கத்திலோ வைக்காதீர்கள்.

கேள்வி: உறையின் நீளத்தை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்? எங்கள் கடையில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு வேலை செய்கிறோம். அவ்வளவு நுணுக்கம் இதற்குத் தேவையா?
(சி.என்.சி. ஆபரேட்டர், ஓசூர் சிப்காட்)

பதில்: நீளத்துக்குத் தேவையில்லை, தோளுக்குத் தேவை.

.308 உறையின் அதிகபட்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் 50.93-க்கு வெட்டிவிடுவார்கள். சுடச்சுடப் பித்தளை முன்னோக்கி வழிந்து நீளும். அளவு மீறினால் உறையின் வாய் சேம்பர் முடியும் இடத்தில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் கண்டபடி ஏறும். டையில் அழுத்தும்போதும் உறை நீளும் என்பதால் அழுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். வெட்டிய பிறகு வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுக்க வேண்டும். கத்தி முனை மாதிரி கூராக்கிவிட வேண்டாம்.

தோள் வேறு விஷயம். போல்ட் ரைபிளில், அதாவது கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிளில், சுட்ட உறையின் தோளை டையில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். டையைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை இறக்கித் தேவைக்கு மேல் தள்ளினால், அடுத்த முறை சுடும்போது உறை அந்த இடைவெளியை நிரப்ப நீள வேண்டி வரும். அந்த நீட்சி எங்கே நடக்கிறது என்று அடுத்த பதிலில் பாருங்கள். உங்களுக்கு மைக்ராமீட்டர் பழக்கம் இருப்பதால் இது சட்டென்று புரியும்.

டையில் போடுமுன் உறைக்கு வெளியே லேசாக மசகு தடவ வேண்டும். லானோலின் கலந்தது நல்லது. குறைந்தால் உறை டைக்குள் சிக்கி, இழுக்கும்போது விளிம்பு பிய்ந்துவிடும். கூடினால் எண்ணெய் போக இடமில்லாமல் தோளில் குழி விழும். பிறகு துடைத்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு உறையை எத்தனை முறை பயன்படுத்தலாம்? பத்து முறை என்று எங்கோ படித்தேன்.
(ஓய்வுபெற்ற சுபேதார், ஊத்தங்கரை)

பதில்: எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள் சாப். ஒரு துப்பாக்கியில் பதினைந்து தாங்கும், இன்னொன்றில் மூன்றாவது முறையே போய்விடும். நாம் இரண்டு பேரும் கையாண்ட .303 அதற்கு நல்ல சாட்சி. அந்தத் துப்பாக்கி உறையை அடி விளிம்பில் பிடிக்கிறது. சேற்றிலும் மணலிலும் நின்று வேலை செய்ய வேண்டும் என்று சேம்பரின் முன்பகுதியைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். சுடும்போது உறையின் முன்பாதி சுவரில் ஒட்டி நிற்கும், அடி மட்டும் பின்னால் தள்ளப்படும். இடையில் அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து, ஒரு நாள் அடி வெளியே வரும், உடல் உள்ளேயே தங்கிவிடும். ரேஞ்சில் அப்படித் தங்கிய உறைகளை எடுப்பதற்கென்றே ஒரு கருவி கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

வெளியே அறிகுறி, அடியிலிருந்து ஒரு விரல்நகத் தூரத்தில் வெளிறிய பளபளப்பான வளையம். ஆனால் டையின் தேய்மானத்தாலும் அங்கே கோடு விழும் என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியைச் சிறிதாக மடக்கிக் கூராக்கி, உறைக்குள் விட்டு, சுவரோடு ஒட்டி அடியிலிருந்து மேலே இழுங்கள். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த உறையில் ஒரு பள்ளத்தில் தட்டும். பல்லிடுக்கில் நாக்கு தட்டுவது போல விரலுக்குத் தெரியும். தட்டினால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. ஒரே தொகுதி உறைகளில் ஒன்று தட்டினால் மீதி எல்லாவற்றையும் அதே கம்பியால் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒன்றாகவே வளர்ந்தவை.

பிரைமர் குழியையும் பாருங்கள். புதுப் பிரைமர் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது. சுட்ட உறையில் பிரைமரைச் சுற்றிக் கரி கசிந்திருந்தால் அதுவும் அதே அறிகுறிதான். கழுத்துக் கீறல் பெரிய ஆபத்து இல்லை, உறை ஒன்று போகும், அவ்வளவுதான். அடியும் அடியோரச் சுவரும் ஆளையே பாதிக்கும் இடங்கள். எனக்குச் சொந்தமாக ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்த உறையைத் தனியே எடுத்து வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதில்லை. அந்த நிமிடமே வாயை நசுக்கிவிடுவேன். எடுத்து வைத்தால் அது எப்படியோ நல்ல உறைகளோடு போய்ச் சேர்ந்துவிடும்.

பழைய .303 உறைகளில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துப் பிரைமர்கள் சிலவற்றில் பாதரசம் சேர்ந்த கூட்டு இருந்தது. சுடும்போது பாதரசம் பித்தளைக்குள் இறங்கி அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அவை அலமாரிக்குத்தான் ஆகும்.

கேள்வி: எங்கள் மலைப் பக்கம் நாட்டுத்துப்பாக்கி சிலரிடம் இருக்கிறது. இந்த உறை முறையை அதற்குப் பயன்படுத்த முடியுமா?
(இளைஞர், அஞ்செட்டி)

பதில்: முடியாது தம்பி, முயலவும் கூடாது. அது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் குழாய். உறைக்கு அதில் வேலையே இல்லை. அந்தக் குழாய் எந்த அழுத்தத்துக்கும் சோதித்துப் பார்க்கப்பட்டதல்ல. வெடித்த குழாயின் பின்பக்கத்தை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பிடித்திருந்தவரின் கையையும் பார்த்திருக்கிறேன். உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றம். வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, ஊர்த் தலைவரையும் உடன் அழைத்துப் போய் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பா 1971 போரில் இருந்தவர். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் ஒரு காலி உறை கிடைத்தது. நினைவாக வைத்துக்கொள்ளலாமா? எப்படிப் பாதுகாப்பது?
(பள்ளி ஆசிரியை, அரூர்)

பதில்: முதலில் அது உண்மையிலேயே காலிதானா என்று பாருங்கள் அம்மா. வாய் திறந்திருக்க வேண்டும், உள்ளே விட்ட குச்சி அடி வரை போக வேண்டும், அடியில் பிரைமர் நடுவே ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது கோக்கா. வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகத்தை வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வீட்டில் இருக்கட்டும். கைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள், அங்கே அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடும்.

அடி விளிம்பு வெளியே நீட்டியிருந்தால் .303. உடலோடு சமமாக, ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருந்தால் 7.62, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியுடையது. 1971-இல் காலாட்படையின் கையில் அதுதான் பெரும்பாலும் இருந்தது. ரேஞ்சில் சுட்ட கோக்காவை எண்ணித் திரும்ப ஒப்படைக்க வேண்டும், என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு வீரனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போர்முனையில் அந்தக் கணக்கு இருப்பதில்லை. அதனால் அது எங்கிருந்து வந்தது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் ஏன் எடுத்து வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தேய்க்க வேண்டாம். புளி வேண்டாம், பாலிஷ் வேண்டாம். அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஈரம் படாத இடத்தில், மாட்டுக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் வைக்காமல், அவர் படத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள்.